கடலுக்குப் போகும் வீடுகளுக்கு வகுப்பில் நடப்பதை எப்படித் தெரிவிப்பது?

மண்டபம்_இரண்டாம்_வகுப்பு

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டாம் வகுப்பு, 28 பிள்ளைகள். அப்பாக்களில் விசைப்படகுக்குப் போகிறவர்களும் உண்டு, நாட்டுப்படகும் உண்டு. அம்மாக்கள் பலர் கடல்பாசி எடுக்கவும் கருவாட்டு வேலைக்கும் போகிறார்கள். டைரியில் எழுதி அனுப்பினால் கையெழுத்து மட்டும் வருகிறது, அதுவும் அண்ணன் போட்டது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் நான் போடுவது காணாமல் போகிறது. கூட்டம் வைத்தால் ஏழெட்டுப் பேர்தான். 'எண்ணும் எழுத்தும்' (வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான அரசுத் திட்டம்) வகுப்பில் என்ன நடக்கிறது, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம், இந்த மூன்றும் 28 வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். என்ன வழி?

தொண்டி_சார்

டீச்சர், குழுவைக் கலைக்க வேண்டாம். குழு அமைப்பில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள், பாதிச் சிக்கல் அன்றே தீரும். சிலர் 'பிராட்காஸ்ட்' பட்டியல் போடச் சொல்வார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும். சேமிக்காத வீட்டுக்குப் போகவே போகாது, போகவில்லை என்று உங்களுக்கு அறிவிப்பும் வராது. அதனால் குழுவே நல்லது.

எழுத்தை விட்டுவிட்டுக் குரல் பதிவுக்கு மாறுங்கள். 45 நொடி போதும், ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். முதலில் வகுப்பும் கிழமையும், அடுத்து இன்று படித்தது ஒன்று, அப்புறம் வீட்டில் செய்து பார்க்க ஒன்று, கடைசியில் நாளைக்குக் கொண்டுவர வேண்டியது. இப்படி:

"ரெண்டாம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை. இன்னிக்குப் பத்துப் பத்தாக் கூட்டி எண்ணப் படிச்சோம். ராத்திரி சோழியோ புளியங்கொட்டையோ 34 எண்ணி வைக்கச் சொல்லுங்க. மூணு பத்துக் குவியல், மிச்சம் நாலு வரணும். ஒண்ணொண்ணா எண்ணுச்சுன்னா திட்டாதீங்க, காலையில எங்கிட்டச் சொல்லுங்க. நாளைக்குப் பத்து ஈர்க்குச்சி குடுத்து விடுங்க."

'42ஆம் பக்கத்தைப் படிக்க வைக்கவும்' என்று போட்டால், எழுத்துத் தெரியாத அம்மா இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார். மீன் ஆய்ந்துகொண்டே கண்ணால் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய வேலையாகக் கொடுங்கள். இதுதான் மொத்த விஷயத்திலும் முக்கியம்.

தங்கச்சிமடம்_மேலாண்மைக்குழு_அம்மா

நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று எல்லா மாதமும் ஒரே மாதிரி கூட்டம் வைத்தால் ஆள் வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பாசிக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். நாள்காட்டியைப் பார்த்து அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். விசைப்படகும் நாட்டுப்படகும் வெவ்வேறு நாள்களில் போவதால் அப்பாக்கள் எல்லாரையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது, இரண்டு சின்னக் கூட்டமாக வையுங்கள். காற்று எச்சரிக்கையால் கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்காத நாளில் எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள். அன்று காலை ஒரு குரல் பதிவு போட்டால் சாயங்காலம் வருவார்கள்.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நடுவில் கோடை விடுமுறை வந்துவிடுகிறது. அதனால் ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முந்தைய நாள்களும், ஜூனில் திறந்ததும் வருகிற சில நாள்களும்தான் விசைப்படகு அப்பாக்கள் வகுப்பறைக்குள் வந்து உட்காரக்கூடிய காலம். அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பேசாதீர்கள். அது கட்டடம், கழிப்பறை, வருகை பற்றிப் பேசும் இடம். நாலு பேர் முன்னால் தன் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று கேட்ட அம்மா அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்.

கீழக்கரை_டீச்சர்

எண் வாங்கும்போது "உங்க நம்பர் என்ன" என்று கேட்காதீர்கள். "ராத்திரி ஏழு மணிக்கு வீட்டில் இருக்கும் போன் எது" என்று கேளுங்கள். அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் அது படகோடு போய்விடும். ஒரு தாளில் நான்கு கட்டம்: பிள்ளை பெயர், அந்த எண், வாட்ஸ்அப் உண்டா, போனை எடுப்பது யார். ரீசார்ஜ் தீர்ந்து எண் மாறுவது இங்கே சாதாரணம், பருவத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போயிருக்கும் அப்பாக்களையும் குழுவில் சேர்த்துவிடுங்கள். துபாய்ப் பக்கம் வாட்ஸ்அப் அழைப்பு போகாது, குரல் பதிவு போகும். நமக்கு ஏழு மணி என்றால் அங்கே ஐந்தரை.

தினமும் இரண்டு வீட்டுக்குப் போனில் மூன்று மூன்று நிமிடம் பேசினால் 28 வீடும் 14 பள்ளி நாளில் முடிந்துவிடும். சாதாரண பட்டன் போன் வீடுகளுக்கு இது ஒன்றுதான் வழி, அவர்களை முதலில் வையுங்கள். பிள்ளை செய்த நல்லது ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே புகார் என்று பயப்படும் வீடுகள் நிறைய.

படம் போட்டால் கையும் வேலையும் தெரியட்டும், முகம் வேண்டாம். ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்தால் அப்புறம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

மண்டபம்_இரண்டாம்_வகுப்பு

மிக்க நன்றி. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளை எப்படிச் சொல்வது? ராங்க் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தேவிபட்டினம்_தலைமையாசிரியர்

குழுவில் அந்தப் பெயர்களையே சொல்லாதீர்கள் அம்மா. தனியாகப் பேசும்போதும் நிலையின் பெயரை விட, பிள்ளை செய்வதைச் சொல்லுங்கள்: "இரண்டெழுத்துச் சொல் வாசிக்கிறான், ஒற்று வந்தால் நிற்கிறான்."

காட்டுவதற்கு ஒரு வழி உண்டு. ஜூனில் அம்மா, படகு, வலை, மீன், பனை என்று ஐந்து சொல்லைச் சொல்வதெழுதலாக அரைத் தாளில் எழுத வைத்துத் தேதி போட்டு வையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே ஐந்து சொல், அதே அளவுத் தாள். சொல்லை மாற்றினால் ஒப்பிட முடியாது. தவறைச் சிவப்பு மையில் திருத்தவும் வேண்டாம், திருத்தினால் பார்க்கிறவர் கண் அங்கேயே நின்றுவிடும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்துத் தெரியாதவருக்கும் பிள்ளை வளர்ந்திருப்பது தெரியும்.

தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள். உப்புக்காற்றில் டேப் விட்டுவிடும், ஐப்பசி கார்த்திகையில் தாள் சுருண்டு மை பரவும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டுங்கள். கடல் பார்த்த சுவரை விட்டு, தாழ்வாரத்தின் உள்பக்கத்தில் மாட்டினால் காலை உணவுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மா நின்று பார்த்துவிட்டுப் போவார்.