இலைக் கணக்கு புரோகிராம்: வேறு இடத்திலிருந்து திறந்தால் காலியாக வருகிறது, ஃபைல் பாதையை எப்படி எழுதுவது?

கட்டபெட்டு_கணக்கு:

எங்கள் சித்தப்பா கோத்தகிரி பக்கம் இலை ஏஜெண்ட். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறார். யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், முன்பணம் எவ்வளவு வாங்கினார்கள், டீ போர்டு அறிவிக்கிற மாத விலையில் பாக்கி எவ்வளவு வருகிறது என்று பார்க்க அவர் மகன் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தான். டேட்டா எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலில். அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான், போன் எடுப்பதே அபூர்வம், அதனால் புரோகிராம் என் தலையில். நான் பி.காம்.

புது லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். புரோகிராம் கோடு முழுக்க 'சி:\யூசர்ஸ்\...\டெஸ்க்டாப்\இலை\கணக்கு.டிபி' என்று பழைய கம்ப்யூட்டரின் பாதை. புதியதில் யூசர் பெயரே வேறு. சரி என்று பாதையை வெட்டிவிட்டு வெறும் ஃபைல் பெயரை மட்டும் விட்டேன். ஃபோல்டருக்குள் போய் டபுள் கிளிக் செய்தால் நன்றாக ஓடுகிறது. சித்தப்பாவுக்கு வசதியாக டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைல் (புரோகிராமை ஓட்டும் கட்டளை எழுதிய ஃபைல்) வைத்து அதிலிருந்து திறந்தால் ஒரு விவசாயி பெயர்கூட இல்லை, எரரும் இல்லை. பேக்கப் வேறு 'இ:' டிரைவுக்குப் போகிறது, பென்டிரைவோ சில நாள் 'எஃப்:' என்று வருகிறது. ஆன்லைனுக்கு மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், மழைக்காலத்தில் இங்கே கரண்டும் சிக்னலும் சேர்ந்து இருப்பதே பெரிய விஷயம்.

குன்னூர்_பைத்தான்:

முதலில் டெஸ்க்டாப்பைப் பாருங்கள், அங்கே புதிதாக ஒரு கணக்கு.டிபி உட்கார்ந்திருக்கும். வெறும் ஃபைல் பெயர் கொடுத்தால் பைத்தான் அதைப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் தேடாது, எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டப்பட்டதோ அங்கேதான் தேடும். பேட்ச் ஃபைல் டெஸ்க்டாப்பில் இருப்பதால் தேடியது டெஸ்க்டாப்பில். எஸ்க்யூலைட்டின் குணம் என்னவென்றால், கேட்ட ஃபைல் இல்லையென்றால் சத்தமில்லாமல் காலியாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். உங்கள் புரோகிராம் தொடக்கத்திலேயே 'டேபிள் இல்லையென்றால் உருவாக்கு' என்று சொல்லியிருக்கும், அதனால்தான் எரரும் வரவில்லை. பழைய கணக்கு பத்திரமாக இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் கண்ணில் பட்டால் அளவைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

தீர்வு: பைத்தானோடு வரும் பாத்லிப் மாட்யூலில் பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட் என்று போட்டால் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் கிடைக்கும். அதைக் கோடின் தலையில் ஒரே இடத்தில் ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாப் பாதையையும் அதிலிருந்து கட்டுங்கள். டேட்டாபேஸைத் திறக்கும்போது யூஆர்ஐ முறையில் (ஃபைல் பாதையை முகவரி மாதிரி எழுதுவது) 'மோட்=ஆர்டபிள்யூ', அதாவது படி, எழுது, புதிதாக உருவாக்காதே என்று கொடுத்தால் ஃபைல் இல்லாதபோது எரர் வரும். காலிக் கணக்கைக் காட்டுவதற்கு எரர் எவ்வளவோ மேல், விவசாயி எதிரில் நிற்கும்போது காலித் திரையைக் காட்டிப் பாருங்கள், தெரியும்.

ஊட்டி_பழைய_கை:

மேலே சொன்னது பைத்தானாக ஓட்டும்வரை சரி. நாளைக்கு பைஇன்ஸ்டாலர் (பைத்தான் புரோகிராமைத் தனியாக ஓடும் ஃபைலாக்கும் கருவி) வைத்து ஒரே இஎக்ஸ்இ ஆக்கினால் கதை மாறும். அது ஓடும்போது ஒரு டெம்ப் ஃபோல்டரில் தன்னை விரித்துக்கொள்ளும், __ஃபைல்__ காட்டுவது அந்த ஃபோல்டரை, புரோகிராமை மூடியதும் ஃபோல்டர் அழிந்துவிடும். பில்லில் போடும் லோகோ மாதிரி மாறாத பொருள்களுக்கு அது போதும் (ஆட்-டேட்டா கொடுத்துச் சேர்க்க வேண்டும்). கணக்கை அங்கே வைத்தால் அன்றைய எடையெல்லாம் சாயங்காலமே போச்சு. அதற்கு சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் வழியாக இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரைப் பிடியுங்கள்.

கோவை_டெவ்:

புரோகிராம் பக்கத்திலேயே டேட்டாவை வைப்பது பழைய பழக்கம். யாராவது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போட்டால் சாதாரண யூசரால் அங்கே எழுத முடியாது. விண்டோஸில் ஆப்டேட்டா, லினக்ஸில் வீட்டு ஃபோல்டருக்குள் .லோக்கல்/ஷேர், இவைதான் முறையான இடம்.

ஊட்டி_பழைய_கை:

தம்பி, ஊருக்கெல்லாம் கொடுக்கிற சாஃப்ட்வேருக்கு அது சரிதான். இது ஒரே ஒரு ஏஜெண்டுக்கானது. ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர். லேப்டாப் மக்கர் செய்தால் சர்வீஸுக்குக் கொடுப்பார்கள், அங்கே டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் அடிப்பார்கள், ஆப்டேட்டா யாருக்கும் ஞாபகம் வராது. டெஸ்க்டாப்பும் வேண்டாம், ஒன்டிரைவ் ஆன் செய்திருந்தால் அதன் பாதையே மாறிவிடும், திறந்திருக்கும் டேட்டாபேஸை சிங்க் செய்வதும் நல்லதில்லை.

என் யோசனை, இஎக்ஸ்இ பக்கத்தில் ஒரு ஐஎன்ஐ ஃபைல் (செட்டிங்ஸ் எழுதி வைக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்). அதில் ஒரே வரி, கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று. அந்த ஃபைல் இல்லாவிட்டாலோ, அதில் சொன்ன இடத்தில் கணக்கு இல்லாவிட்டாலோ புரோகிராம் தானாக எதையும் ஊகிக்கக் கூடாது, ஃபோல்டரைக் காட்டு என்று கேட்கட்டும். புதுக் கணக்கு தொடங்குவதற்குத் தனி பட்டன். சித்தப்பா கேன்சல் அழுத்தினால் மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஐஎன்ஐயை எழுதும்போதும் படிக்கும்போதும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் விண்டோஸில் இது இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். கோடுக்குள் எங்காவது பாதை எழுதியே ஆக வேண்டுமென்றால் முன்சாய்வுக் கோடு போடுங்கள், விண்டோஸிலும் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். பின்சாய்வுக்குப் பின்னால் 'என்' வந்தால் அது புது வரியாகிவிடும்.

கட்டபெட்டு_கணக்கு:

டெஸ்க்டாப்பில் சொன்ன மாதிரியே ஒன்று இருந்தது, சில கேபிதான். அசல் ஃபைல் பழைய ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. மிக்க நன்றி அண்ணா. ஐஎன்ஐ வழியில் போகிறேன். பென்டிரைவுக்கு என்ன செய்வது?

குன்னூர்_பைத்தான்:

டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். பென்டிரைவில் 'இலைபேக்கப்' என்று ஒரு சின்ன ஃபைல் வைத்துவிடுங்கள். பேக்கப் அழுத்தும்போது புரோகிராம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அந்த ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கே எழுதட்டும், கிடைக்காவிட்டால் 'பென்டிரைவ் செருகவில்லை' என்று சொல்லட்டும். அப்புறம், ஃபைலை வெறுமனே காப்பி செய்யாதீர்கள், பைத்தான் 3.7 முதல் எஸ்க்யூலைட் கனெக்‌ஷனிலேயே பேக்கப் என்று ஒரு மெத்தட் இருக்கிறது, கணக்கு திறந்திருந்தாலும் ஒழுங்காக நகல் எடுக்கும். நகலின் பெயரில் தேதியைச் சேருங்கள்.