ஓட்டு அங்கே, அடி இங்கே: அமெரிக்க அதிபர் தேர்தலில் வெளியாட்களுக்கு என்ன வேலை?

ஒஹாயோவாசி:
அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்தால், இங்கே நடக்கும் பிரச்சாரத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், வெளியிலிருந்து வரும் அறிவுரையைத்தான் தாங்க முடியவில்லை. 2024இல் ட்ரம்ப் ஜெயித்ததும் சொந்தக்காரர் ஒருவர் "உங்க ஊர்க்காரங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்று கேட்கிறார். 2004இல் புஷ் இரண்டாம் முறை ஜெயித்தபோது லண்டனின் டெய்லி மிரர் முதல் பக்கத்திலேயே, 5,90,54,087 பேர் எப்படி இவ்வளவு முட்டாள்களாக இருக்க முடியும் என்று கொட்டை எழுத்தில் போட்டது. அதே தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் கார்டியன் பத்திரிகை இன்னொரு கூத்து செய்தது. எங்கள் மாநிலத்தில் கிளார்க் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) வாக்காளர் பட்டியலை வாங்கி, கட்சி சாராத வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தன் வாசகர்களுக்கு முகவரி கொடுத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகவரி வாங்கினார்கள். பதிலுக்கு இங்கிருந்து போன கடிதங்களில் பிரிட்டிஷ்காரர்களின் பல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. 2000இல் புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோருக்கு 324 ஓட்டு அதிகம் கொடுத்த அந்தக் கவுண்டி, 2004இல் புஷ்ஷுக்குச் சுமார் 1,600 ஓட்டு அதிகம் கொடுத்தது. வெளியாள் வாயைத் திறந்தால் இதுதான் நடக்கும்.

பனியன்காரன்:
அண்ணே, அந்த வருடம் ஒஹாயோவையே புஷ் சுமார் 1,18,000 ஓட்டில் ஜெயித்தார். ஒரே பாலினத் திருமணத்துக்குத் தடை கேட்டும் அதே நாளில் அங்கே ஓட்டெடுப்பு நடந்தது, சர்ச்சுக்குப் போகிற கூட்டம் திரண்டு வந்தது. நாடு முழுக்கவே காற்று அவர் பக்கம். இதில் லண்டன் கடிதம் எத்தனை ஓட்டைத் திருப்பியது என்று யார் எண்ணிப் பார்த்தது?

நான் திருப்பூர். கடிதமெல்லாம் எழுதவில்லை, எனக்கு அந்த வேலையும் இல்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோது என் யூனிட்டில் பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிகள் சுவரோரமாக அடுக்கி நின்றன. சரக்கு வாங்கும் பையர் சொன்னது ஒரே வார்த்தை: ஹோல்டு. அப்புறம் போன் செய்து, வரியில் ஒரு பங்கை நீங்கள் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பனியனில் எங்களுக்கு நிற்கிற காசே சொற்பம், அதில் எதைக் குறைக்க? அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற அக்காவுக்கு வேலை வாரத்தில் பாதி நாளாகக் குறைந்தது. பென்சில்வேனியாவில் யாரோ போட்ட ஓட்டுக்கு இங்கே கூலி குறைகிறது என்றால் நான் எப்படி வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது?

ஒஹாயோவாசி:
நஷ்டத்தைப் பேசாதே என்று யார் சொன்னது? வாக்காளனை எடைபோடாதே என்கிறேன், அவ்வளவுதான். கிளார்க் கவுண்டியின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. 2024 செப்டம்பர் 10 விவாதத்தில் ட்ரம்ப், வந்தேறிகள் நாய் பூனையைத் தின்கிறார்கள் என்றாரே, அந்த ஊர்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் கட்சி ஆளுநர் மைக் டிவைனே சொல்லிவிட்டார். வெளியூரில் எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தார்கள். ஆனால் சுமார் 60,000 பேர் இருந்த ஊருக்குச் சில வருடங்களில் 12,000க்கு மேல் ஹைட்டிக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, கிளினிக்கில் வரிசை நீண்டது. கம்பெனிகளுக்கோ ஆள் கிடைத்ததில் சந்தோஷம். பொய்க்குப் பிறகு பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வேறு. இவ்வளவும் ஒரே ஊரில். உங்களுக்கு வந்து சேர்ந்தது பூனை மட்டும்.

பெர்லின் குயில்:
வெளிநாடு வெளிநாடு என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்களே. 2019இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது ட்ரம்ப்மீது நம்பிக்கை இருப்பதாக ஜெர்மனியில் சொன்னவர்கள் 13 சதவீதம், இஸ்ரேலில் 71, பிலிப்பைன்ஸில் 77. ஆகவே உலகமே திரண்டு வந்து அமெரிக்கனைத் திட்டுகிறது என்பது உங்கள் ஊர் டிவி பார்த்து வந்த எண்ணம்.

என் ஊரைப் பற்றி நானே சொல்கிறேன். 2008 ஜூலை 24 அன்று வெற்றித் தூண் முன்னால் ஒபாமா பேசக் கேட்க சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள், பெரும்பாலோருக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. அவரை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் தரப்பு அந்தக் கூட்டத்தையே விளம்பரத்தில் காட்டி, இவர் வெறும் சினிமா நட்சத்திரம் மாதிரி என்று கிண்டலடித்தது. ஒஹாயோவாசி சொல்கிற கணக்குப்படி ஒபாமா தோற்றிருக்க வேண்டும், ஆனால் மாநிலவாரியாக எண்ணும் எலெக்டோரல் ஓட்டில் 365க்கு 173 என்று ஜெயித்தார், ஒஹாயோவையும் சேர்த்து. கோளாறு எங்களிடம் வேறு மாதிரி. அவர் என்ன செய்வார் என்று பார்க்கவில்லை, புஷ் இல்லை என்பதே போதுமாக இருந்தது. 2013இல் எங்கள் பிரதமராக இருந்த மெர்க்கலின் போனையே அமெரிக்க உளவுத்துறை ஒட்டுக்கேட்டதாகச் செய்தி வந்தபோது அதே ஊரில் ஒரே கொதிப்பு.

வெண்ணாற்றங்கரை:
நீங்கள் எல்லோரும் ரொம்பச் சீரியஸ். எங்கள் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர், கோவிலில் நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயர்கூட உண்டு. 2020இல் வெடி வெடித்தார்கள், 2024இல் அபிஷேகம் செய்தார்கள், தோற்றதும் அடுத்த நாள் அவரவர் வயலுக்குப் போனார்கள். அவருடைய வெளியுறவுக் கொள்கை என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, அமெரிக்காக்காரன் இப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லவும் இல்லை. கென்யாவைப் பாருங்கள். 2007 டிசம்பரில் அவர்கள் தேர்தலுக்குப் பின் வந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மறுவருடம் ஒபாமா ஜெயித்ததும் நவம்பர் 6ஆம் தேதி அரசே பொது விடுமுறை விட்டது. தோற்ற மெக்கெய்ன் தேர்தல் இரவிலேயே வாழ்த்துச் சொன்னதை, அந்த வருடம் அவர்களைவிட ஏக்கத்தோடு பார்த்தவர்கள் இருந்திருப்பார்களா?

பனியன்காரன்:
கென்யா சரி. ஆனால் நம் ஊர் கொண்டாட்டத்தில் எனக்கு எரிச்சல்தான். 2016இல் டெல்லியில் ட்ரம்ப் ஜெயிக்க யாகம் நடத்தினார்கள். யாகம் செய்தவனுக்கும் அபிஷேகம் செய்தவனுக்கும் வரி அட்டவணையில் தள்ளுபடி கிடையாது. யார் நம்ம ஆள் என்று பார்ப்பதைவிட, யார் வந்தால் எந்த வரி எப்போது வரும் என்று பார்த்திருந்தால் நாங்கள் ஐரோப்பா பக்கம் முன்கூட்டியே பையர் தேடியிருப்போம்.

ஒஹாயோவாசி:
இதை ஒப்புக்கொள்கிறேன். வெளியாட்கள் இப்படிப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. பெர்லின் குயில் சொன்ன 365 வேறு விஷயம், 2008இல் பொருளாதாரம் சரிந்து கிடந்தது, பெர்லின் கூட்டத்தால் யாரும் ஜெயிக்கவும் இல்லை தோற்கவும் இல்லை.

பெர்லின் குயில்:
அப்படியென்றால் லண்டன் கடிதத்தால் மட்டும் ஒரு கவுண்டி கவிழ்ந்ததா?

பனியன்காரன்:
அப்படிக் கேளுங்கள். அண்ணே, வெளிநாட்டுக்காரன் தேர்தல் நிதியாக ஒரு டாலர் கொடுத்தாலும் உங்கள் சட்டத்தில் குற்றம், பேச்சுதான் எங்களுக்கு மிச்சம். வரி போடும் அதிகாரத்தை உங்கள் அரசியலமைப்பு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தானே கொடுத்திருக்கிறது? உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்களேன். நீங்கள் எழுதினால் அந்நியத் தலையீடு இல்லை.

ஒஹாயோவாசி:
எழுதுகிறேன். விவரத்தை நீங்கள் அனுப்புங்கள், பின்னலாடை டி-ஷர்ட்டுக்குச் சுங்கத்தில் போடும் ஹெச்எஸ் கோடு என்ன?

பனியன்காரன்:
6109. பழைய விலை, புது விலை இரண்டும் போட்டு ராத்திரிக்குள் அனுப்புகிறேன்.