ஸ்கிம்மர் கப் வழிந்துகொண்டே இருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் 90 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்). சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இல்லை. பின்பக்கம் தொங்கும் ஹேங்-ஆன் ஸ்கிம்மர் (நுரை எழுப்பி, தண்ணீரிலுள்ள அழுக்கை மேலே உள்ள கப்பில் சேர்க்கும் கருவி), நீடில் வீல் பம்ப் (முள் சக்கரத்தால் காற்றைப் பொடிக் குமிழிகளாக்குவது), 200 லிட்டர் வரைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. போன மாதம் மாட்டினேன்.

கப்பில் கெட்டியான பழுப்பு நுரை வரவே இல்லை, வெளிறிய தண்ணீர்தான் சேர்கிறது. காலையில் கொட்டினால் மாலைக்குள் வழிகிறது. கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். தொட்டிக்குள்ளும் பொடிக் குமிழிகள். கோரல்கள் முன்புபோல விரிவதில்லை, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

புது ஸ்கிம்மர் பழக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் முதலில் பொறுத்திருந்தேன். அப்புறம் வினிகரில் கழுவினேன். காற்றுக் குழாயில் படிந்த உப்பை எடுத்தேன். வெளியேறும் வால்வை முழுக்கத் திறந்து உள் நீர்மட்டத்தை இறக்கினேன். காற்றைக் குறைத்தால் நுரையே நின்றுவிடுகிறது. ஆர்ஓ தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 27 டிகிரி. சில வாட்டர் கண்டிஷனர்கள் (தண்ணீரில் குளோரின் போன்றவற்றை நீக்க ஊற்றும் திரவங்கள்) இப்படி நுரைக்கவைக்கும், ஆனால் நான் எதுவும் ஊற்றுவதில்லை.

ஹேங்-ஆன் ஸ்கிம்மர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: காற்று, நீர்மட்டம் இரண்டில் எதை முதலில், எவ்வளவு மாற்றினால் நுரை கெட்டியாகும்?