ஈ.சி.ஜி.ல இதயத் துடிப்போட ரிதம் பார்த்துப் பிடிச்ச கேஸ்கள் – உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சி.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ், மதுரை:
புதுசா டியூட்டிக்கு வர்ற பிள்ளைகளுக்குப் புத்தகப் படத்தைவிட கேஸ் சொன்னாத்தான் மனசுல நிக்குது. நானே ஆரம்பிக்கிறேன்.

சி.சி.யூ.ல, அதான் இதய தீவிர சிகிச்சைப் பிரிவுல, நைட் டியூட்டி. படபடப்புன்னு ஒரு அம்மா அட்மிஷன். மானிட்டர்ல துடிப்பு 150. ஈ.சி.ஜி. மெஷின் தாள் மேல 'சைனஸ் டேக்கிகார்டியா'ன்னு, அதாவது வழக்கமான துடிப்பே வேகமா ஓடுதுன்னு, அடிச்சுக் கொடுத்துடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சும் 150. தூங்கினாலும் 150, எழுந்து உக்காந்தாலும் 150. காய்ச்சலோ வலியோ பயமோ காரணமா இருந்தா எண்ணிக்கை கொஞ்சமாவது ஏறி இறங்கணுமே! இப்படி ஆணியடிச்ச மாதிரி நின்னா எனக்கு முதல்ல வர்ற சந்தேகம் ஏட்ரியல் ஃப்ளட்டர். அதுல இதயத்தோட மேலறை நிமிஷத்துக்குச் சுமார் 300 தடவை துடிக்கும், ரெண்டுக்கு ஒண்ணுதான் கீழறைக்கு இறங்கும். மேலறையோட இன்னொரு அலை கியூ.ஆர்.எஸ். (கீழறை துடிக்கிறதைக் காட்டுற கூர் அலை) பக்கத்துலயோ, அதுக்குப் பின்னால வர்ற டி அலைக்குள்ளயோ ஒளிஞ்சுக்கும்.

டியூட்டி டாக்டர்கிட்ட சொன்னேன். ஸ்ட்ரிப்பை (ஈ.சி.ஜி. பதிவுத் தாள்) ஓடவிட்டு, மேலறையிலிருந்து கீழறைக்குப் போற சிக்னலைக் கொஞ்ச நேரம் தடுக்கிற அடினோசின் 6 மில்லிகிராம் வேகமா தள்ளி, பின்னாடியே சலைன் ஃப்ளஷ். "நெஞ்சை அடைக்குது சிஸ்டர், என்னமோ பண்ணுது"ன்னு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. சில விநாடிதான். அந்த இடைவெளியில கியூ.ஆர்.எஸ். இல்லாம, லீடு 2-ல (ஈ.சி.ஜி. இதயத்தைப் பார்க்கிற கோணங்கள்ல ஒண்ணு) ரம்பப் பல்லா வரிசை தெளிவா விழுந்துச்சு. அடினோசின் பொதுவா ஃப்ளட்டரை நிறுத்தாது, ஆனா காட்டிக் கொடுத்துடும். மருந்து போடும்போது ஸ்ட்ரிப் ஓடலைன்னா அந்தம்மா பட்ட பாடு வீண்.

ஈ.சி.ஜி. டெக்னீஷியன், திருச்சி:
ஃப்ளட்டர்னு சொல்லி என்கிட்ட வந்த ஒரு தாள், ஃப்ளட்டரே இல்லை. பெரியவருக்கு பார்க்கின்சன், வலது கை நடுக்கம். அந்த நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 தடவை. கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு 240-லிருந்து 360. ஃப்ளட்டர் வேகமேதான்! லீடு 3-ஐப் பாருங்க: அதுக்கு வலது கை தேவையில்லை, இடது கையும் காலும்தான். லீடு 1, 2 ஆட்டம் போட, 3 மட்டும் சுத்தமா, ஒவ்வொரு கியூ.ஆர்.எஸ்.ஸுக்கும் முன்னால ஒரு பி அலையோட (மேலறைத் துடிப்போட அலை) இருந்துச்சு. கை எலெக்ட்ரோடைத் தோள்பட்டைக்கு ஏத்தி மறுபடி எடுத்தேன், ஆட்டம் நல்லாவே அடங்கிடுச்சு.

ஹவுஸ் சர்ஜன்:
டீக்கடையில மயங்கி விழுந்த தாத்தா, நாடி 34. தாள்ல பி அலை நிறைய இருந்ததால 'ஏதோ விட்டு விட்டு வருது'ன்னு தோணும். பி.ஜி. (மேல்படிப்பு டாக்டர்) அக்கா ஒரு வெள்ளைத் தாளை ஓரமா வெச்சு, பி அலைக்கெல்லாம் பென்சில்ல கோடு போட்டு நகர்த்திக் காட்டினாங்க. பி-க்கு பி ஒரே தூரம். கியூ.ஆர்.எஸ்.ஸுக்கும் அதே மாதிரி. ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், அதாவது மேலறை சிக்னல் எதுவுமே கீழறைக்கு இறங்கலை. அன்னைக்கே தற்காலிக பேஸ்மேக்கர் போட்டாங்க.

நர்சிங் மாணவி:
ஏ.எஃப்.ல (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், துடிப்பு ஒழுங்கில்லாம வர்றது) ரேட் எப்படி எண்றது? 300-ஐ ரெண்டு கியூ.ஆர்.எஸ்.ஸுக்கு நடுவுல இருக்கிற பெரிய கட்டங்களோட எண்ணிக்கையால வகுத்தா ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு விடை வருது.

சி.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ், மதுரை:
அந்தக் கணக்கு சீரான ரிதத்துக்குத்தான் பொருந்தும் கண்ணு. ஏ.எஃப்.ல 10 விநாடி ஸ்ட்ரிப்ல வர்ற கியூ.ஆர்.எஸ்.ஸை எண்ணி 6-ஆல பெருக்கு. கூடவே ஸ்டெத் வெச்சு நெஞ்சுல ஒரு நிமிஷம் முழுசா எண்ணு. மணிக்கட்டு நாடி குறைவாத்தான் கிடைக்கும், எல்லாத் துடிப்பும் கை வரைக்கும் வராது.

108 டெக்னீஷியன்:
அகலமான கியூ.ஆர்.எஸ்., சீரா, வேகமா ஓடினா எங்களுக்கு அது வி.டி.தான் (கீழறையிலேயே கிளம்புற ஆபத்தான வேகத் துடிப்பு), வேற ஒண்ணுன்னு நிரூபணம் ஆகிற வரைக்கும். நோயாளி உக்காந்து பேசிக்கிட்டே வந்தாலும் சரி. போன மாசம் ஒருத்தர் வண்டியில போன்ல பேசிக்கிட்டே வந்தார், துடிப்பு 180. டீஃபிப் பேட் (தேவைப்பட்டா ஷாக் கொடுக்கிறதுக்கு) ஒட்டிட்டுத்தான் வண்டியை எடுத்தோம்.