புதுப்பிப்பு: இங்கிலாந்தில் ஜூரி அழைப்பு வந்தால்

ஜூரி என்பது குற்ற வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. அதில் சேர அழைத்து வரும் கடிதத்துக்கு 7 நாளுக்குள் பதில் போட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் திருப்பிக் கேட்டது: "இந்தியப் பாஸ்போர்ட்தானே, நமக்கும் பொருந்துமா?" பொருந்தும். இங்கிலாந்து, வேல்ஸில் குடியுரிமை பார்ப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர், 18 முதல் 75 வயது, 13 வயதுக்குப் பின் 5 ஆண்டாவது பிரிட்டனில் வாசம், இவைதான் முக்கியம். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்திய, இலங்கைக் குடிமக்களும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கலாம்.

தேதியைத் தள்ளிப்போட ஒரே வாய்ப்புதான், அதுவும் 12 மாதத்துக்குள். அற்பக் காரணத்துக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

ஜூரிக்குப் போகும் நாட்களுக்கு நிறுவனம் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் முதல் 10 நாளுக்கு, நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு கிடைக்கும்; நீதிமன்றத்தில் 4 மணி நேரமோ குறைவோ இருந்தால் பாதி. வருமான இழப்புச் சான்றிதழை நிறுவனத்திடம் முன்கூட்டியே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

நீங்கள் ஜூரியாக இருக்கும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை கூகுளில் தேடவே தேடாதீர்கள். 2 ஆண்டு வரை சிறை உண்டு.