திரை வெளிச்சத்தைக் கூட்டினால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது, குறைத்தால் ஒன்றும் தெரியவில்லை: உதவி தேவை

பெல்ட்வண்டி | புதன், இரவு 9.50

வணக்கம். காலையில் 100 சதவீதம் சார்ஜோடு எடுத்துச் செல்லும் கைப்பேசி மதியம் 1 மணிக்குள் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பேட்டரிக் கணக்கைத் திறந்து பார்த்தால் திரைதான் முதலிடத்தில் நிற்கிறது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எத்தனை சதவீதத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஒரே எண்ணாகச் சொல்லிவிட்டால் விடியற்காலையிலேயே மாற்றிவிடுவேன். குறுவை அறுவடை நடப்பதால் அவசரம்.

அரசலாறு | புதன், இரவு 10.05

ஒரே எண்ணாகச் சொல்ல எனக்கும் ஆசைதான், நண்பரே. ஆனால் எந்தப் பேசி, வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, திரை எல்.சி.டி. வகையா அமோலெட் வகையா, வெளிச்சம் தானாகக் கூடிக் குறையும் வசதியைப் போட்டிருக்கிறீர்களா, பகலில் நிழலில் இருப்பவரா வெயிலில் நிற்பவரா என்ற ஐந்தில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லையே.

கடைமடை | புதன், இரவு 10.20

திரையின் மேல் பழி போடுவதற்கு முன்பு எத்தனை கோடு சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள். டவர் எட்டாத இடத்தில் பேசி தன் ஒலிபரப்பு வலுவைக் கூட்டிக்கொண்டே இருக்கும்; திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் வயல் பக்கம் போனால், சட்டைப் பையில் திரை அணைந்து கிடக்கும் பேசிகூடச் சூடாகி, மாலைக்குள் பாதி சார்ஜை இழந்துவிடுகிறது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் இதுதான் காரணம்.

ஓம்விதி | புதன், இரவு 10.40

மருத்துவரிடம் போய், "உடம்பு சரியில்லை, எத்தனை மில்லிகிராம் மாத்திரை போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்பதைப் போன்ற கேள்வி இது. இந்த இழைகளில் நான் பலமுறை விளக்கியதைப் புதிதாக வருபவர்கள் தேடிப் படிப்பதில்லை என்பதால் இன்னொரு முறை எழுதுகிறேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விரலால் தள்ளும் கோட்டில் காணப்படும் சதவீதம் மின்சாரத்தின் சதவீதம் அன்று. நம் கண் வெளிச்சத்தை மடக்கை முறையில் உணர்வதால், 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் அந்தக் கோட்டையும் அதற்கேற்ப வளைத்து அமைத்திருக்கிறார்கள். அதாவது கோடு நடுவில் நின்றால் திரை பாதி ஒளியைத்தான் உமிழ்கிறது என்று பொருளில்லை, உண்மையான ஒளி பாதிக்கும் வெகு கீழே இருக்கும். கோட்டின் கடைசிக் கால்பகுதியில்தான் ஒளியும் மின்செலவும் மளமளவென்று ஏறுகின்றன. ஆகவே எண் கேட்பதை விடுத்து, வாசிக்க முடிகிற அளவுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். கேள்வி கேட்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

பெல்ட்வண்டி | வியாழன், காலை 5.30

மன்னிக்கவும். பேசி வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெட்டியில் இருக்கிறது. திரை என்ன வகை என்று தெரியவில்லை. தானாக மாறும் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதுதான் சார்ஜைத் தின்னும் என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். கதிர் அறுக்கும் வண்டிக்கு வேலை பிடித்துக் கொடுப்பது என் தொழில். வரப்பைச் சுற்றி நடந்து ஜி.பி.எஸ். செயலியில் நிலம் எத்தனை மா என்று அளந்து விவசாயியிடம் காட்டுவேன், வண்டி ஓடிய மணிக்கணக்கு, பணம் வாங்குவது எல்லாம் இதிலேதான். நாள் முழுவதும் வெயில். சிக்னல் நன்றாகத்தான் கிடைக்கிறது.

தாளடி | வியாழன், காலை 7.15

டார்க் மோடு போடுங்கள், அண்ணா. பின்னணியைக் கறுப்பாக்கிய பிறகு என் பேசி இரவு வரை தாங்குகிறது. வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

அரசலாறு | வியாழன், காலை 7.40

அது உங்கள் பேசியின் திரை அமோலெட் வகை என்பதால் இருக்கலாம், தம்பி. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளிர்கிறது. கறுப்பைக் காட்டுவதென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும், மின்சாரமும் மிச்சமாகும். எல்.சி.டி.யில் பின்னால் ஒரு விளக்கு முழுத் திரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு என்பது அந்த விளக்கின் முன்னால் திரை போட்டு மறைப்பதுதானே தவிர, விளக்கை அணைப்பதன்று. பெல்ட்வண்டி அவர்கள் இன்றிரவு விளக்கை அணைத்த அறையில் முழுக் கறுப்பான ஒரு படத்தைத் திறந்து பார்க்கட்டும். திரை சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக ஒளிர்ந்தால் எல்.சி.டி.; திரை எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாவிட்டால் அமோலெட்.

தானாக மாறும் வசதி சார்ஜைத் தின்னும் என்று சொன்னவர் யாராயினும் தவறாகச் சொல்லியிருக்கிறார். ஒளியை அளக்கும் அந்தச் சிறு உணரி எடுக்கும் மின்சாரம் திரை எடுப்பதோடு ஒப்பிட்டால் கணக்கில் வராது. அதை அணைத்துவிட்டு, வெயிலுக்காக உச்சத்தில் நிறுத்திய வெளிச்சத்தை டீக்கடைக் கூரைக்குள் வந்த பிறகும் இறக்க மறந்துவிடுவதுதான் உண்மையான செலவு. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி மின்சாரம் இருக்கும். தேவையில்லாத நேரத்தில் திரை கூடுதலாக 1 வாட் வீதம் 5 மணி நேரம் இழுத்தது என்று வைத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அதிலேயே போய்விடுகிறது.

தாளடி | வியாழன், காலை 8.05

டார்க் மோடு பயனற்றது என்பதைப் போல எழுதுகிறீர்கள். 2021இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

ஓம்விதி | வியாழன், காலை 8.30

பாதியைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டக் கூடாது. அதே ஆய்வு 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சமாவது சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் என்றும் சொல்கிறது. வீட்டுக்குள் பேசியைப் பயன்படுத்தும் பெரும்பாலோர் அந்த அளவில்தான் வைத்திருக்கிறார்கள். அளக்கப்பட்டவையும் ஓலெட் திரைகள், அதாவது அமோலெட் சேர்ந்த வகை.

தாளடி | வியாழன், காலை 8.40

கேட்டவர் முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவர், ஐயா. அப்படியென்றால் 39 சதவீதம் அவருக்குத்தான் பொருந்துகிறது.

ஓம்விதி | வியாழன், காலை 9.00

அவருடைய திரை ஓலெட்டாக இருந்தால். இருந்தாலும், வெயிலில் கறுப்புப் பின்னணி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். வானமும் அவருடைய தலைப்பாகையும் தெரியுமே ஒழிய, எத்தனை மா என்பது தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் வெயிலில் வாசிக்க ஏற்றது. மின்சாரம் மிச்சமாகி, காரியம் கெட்டால் என்ன பயன்?

கடைமடை | வியாழன், காலை 9.20

சிக்னல் நன்றாகக் கிடைப்பதாகச் சொல்லிவிட்டாரே என்பதற்காக என் கருத்தை முழுவதும் திரும்பப் பெற மாட்டேன். இருந்தாலும் திரையைப் பற்றி ஒன்று சொல்லலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு எங்கள் ஊரில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டு, திரையைக் கடைசிப் படிக்கு இறக்கி, போர்வைக்குள் வைத்துக் குறுஞ்செய்தி படித்தோம். இருட்டில் அந்த அளவு தாராளமாகப் போதும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோரையாறு | வியாழன், பகல் 11.10

மன்னார்குடிப் பக்கம் பேசி பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். அறுவடை நாட்களில் இதே குறையோடு வருபவர்கள் அதிகம் என்பதால் பெல்ட்வண்டி அண்ணனிடம் மூன்று கேள்விகள். பேசிக்கு மேலே பிளாஸ்டிக் உறையோ, ஓரத்தில் கறுப்புப் பட்டை உள்ள டெம்பர் கிளாஸோ போட்டிருக்கிறீர்களா? நடுப்பகலில் வெளிச்சக் கோடு உச்சத்தில் இருக்கும்போதே திரை தானாக மங்குகிறதா? தொடாமல் வைத்தால் திரை அணைய எவ்வளவு நேரம் எடுக்கிறது?

எதற்காகக் கேட்கிறேன் என்றால், ஒளி உணரி பெரும்பாலும் காதில் வைக்கும் பக்கத்தில், முன் கேமராவை ஒட்டி இருக்கும். அது மறைந்துவிட்டால் தானாக மாறும் வசதி வெயிலையும் இருட்டென்று நினைத்துத் திரையை மங்கலாக்கும். அதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் பலர் அந்த வசதியையே அணைத்துவிடுகிறார்கள். இரண்டாவது, சூடு. வண்டியின் தகரத்தின் மேலோ பைக்கின் டேங்க் மேலோ வெயிலில் வைத்த பேசி ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் கோட்டை எவ்வளவு தள்ளினாலும் கூடாது. அந்தச் சூட்டிலேயே பவர் பேங்க் போட்டால் இன்னும் மோசம். பேட்டரியின் ஆயுளும் குறையும்.

பெல்ட்வண்டி | வியாழன், பகல் 2.25

மழைக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறை இருக்கிறது. மேல் பகுதியில் பட்டையான ஜிப் வருகிறது. நடுப்பகலில் மங்குவது உண்மைதான், நான் பேசி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திரை அணைய 10 நிமிடம் வைத்திருக்கிறேன். கை சேறாக இருக்கும்போது கைரேகை பிடிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் திறக்க முடியவில்லை. இப்போது 11 சதவீதம் இருக்கிறது.

அரசலாறு | வியாழன், பகல் 2.40

பத்து நிமிடமா! அதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் காலையில் இத்தனை சண்டை நடந்திருக்காது.

கோரையாறு | வியாழன், மாலை 3.15

உறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மழை வந்தால் போட்டுக்கொள்ளலாம். தானாக மாறும் வசதியைப் போடுங்கள். பல பேசிகளில் கடும் வெயிலுக்கென்று இருக்கும் கூடுதல் வெளிச்சம் அந்த வசதி போட்டிருந்தால்தான் வரும், கையால் உச்சத்துக்குத் தள்ளினால் வராது. முதல் சில நாட்கள் கூடுதலாகவோ குறைவாகவோ தோன்றினால் கோட்டை நீங்களே சரிசெய்யுங்கள், புதிய ஆண்ட்ராய்டு பேசிகள் அதைப் பார்த்து உங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். திரை அணையும் நேரத்தை 30 நொடியாக்கி, சேறு அதிகம் படாத இடது கைச் சுண்டுவிரலையும் கைரேகையில் பதிந்துவிடுங்கள். கிண்டல் இல்லை, எங்களிடம் வரும் நடவு வேலைக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நேர் வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) வரை போகும், எந்தத் திரையும் அதோடு போட்டி போட முடியாது. அளவைக் காட்டும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று உங்கள் நிழலில் பேசியைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தோளில் கிடக்கும் துண்டால் மறையுங்கள். மற்ற நேரத்தில் பேசி வெயிலில் கிடக்க வேண்டாம்.

பெல்ட்வண்டி | சனி, இரவு 8.35

கறுப்புப் படத்தில் திரை சாம்பலாக ஒளிர்ந்தது, எல்.சி.டி.தான். கோரையாறு அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். இன்று மாலை 5 மணிக்கு 38 சதவீதம் இருந்தது. எல்லாருக்கும் நன்றி. நாளை வண்டி நீடாமங்கலம் போகிறது.

தாளடி | சனி, இரவு 8.50

எல்.சி.டி. என்றால் என் யோசனை உங்களுக்குப் பொருந்தாது, அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். அமோலெட்டுக்கு நான் சொன்னது சொன்னதுதான்.

ஓம்விதி | சனி, இரவு 9.10

உறை, அணையும் நேரம், தானாக மாறும் வசதி, நிழல் என நான்கையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறார். எதனால் எவ்வளவு மிச்சமானது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கு எண்ணைக் குறித்திருக்க வேண்டும். இப்போதாவது அணையும் நேரத்தை மட்டும் பழையபடி 10 நிமிடமாக்கி ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோரையாறு | ஞாயிறு, காலை 6.45

அறுவடை முடிகிற வரை அப்படி எதுவும் செய்துவிடாதீர்கள், அண்ணா.