அரிட்டாபட்டி இளம் ராஜாளி: லகரா, ஷாகீனா?

மேலூர் வட்டம் அரிட்டாபட்டி மலையில், ஜனவரி மாதக் காலை வெயிலில் பாறை விளிம்பில் அமர்ந்திருந்த ஓர் இளம் ராஜாளியை இன்னதென்று உறுதிசெய்ய முடியவில்லை. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில் லகர், ஷாகீன் என்ற இருவகை ராஜாளிகளுமே பதிவாகியிருப்பதால், இடத்தை வைத்து எதையும் விலக்க வழியில்லை.

நிக்கான் பி900 கேமராவில் எடுத்த படங்கள் எதிர்வெளிச்சத்தில் அமைந்துவிட்டன. அமர்ந்த நிலையில் மார்பும் வயிறும் ஏறக்குறைய முழுவதும் அடர்பழுப்பாகவும், மீசைக்கோடு (கண்ணுக்குக் கீழே இறங்கும் கருங்கோடு) மெல்லியதாகவும் இருப்பதோடு, மடக்கிய இறக்கையின் நுனி வால் நுனியை எட்டாததும் லகரையே சுட்டுகிறது. ஆனால் பறக்கும்போது எடுத்த படத்தில் மார்பில் கீற்றுகள் தெரிவதும், வால் குட்டையாகத் தோன்றுவதும் இளம் ஷாகீனுக்குப் பொருந்துகின்றன.

பறவைகளை இனங்காண உதவும் மெர்லின் செயலி படத்துக்குப் படம் பெயரை மாற்றியது. அதை நான் பெரிதாக நம்பவுமில்லை. படங்களின் நிழற்பகுதியை வெளிச்சமாக்கிக் கையேடுகளோடு ஒப்பிட்டேன்; மறுவாரம் அதே இடத்தில் காத்திருந்தும் பறவை வரவில்லை. கூடு கட்டும் காலமாதலால் பாறையின் துல்லியமான இடத்தை இங்கே குறிப்பிடவில்லை.

இளம் ராஜாளிகளை நேரில் பார்த்துப் பழகியவர்கள், இணைத்துள்ள படங்களில் எந்த அடையாளத்தைக் கொண்டு இது லகரா ஷாகீனா என்று முடிவு செய்யலாம் எனக் கூறுவீர்களா?